நுரையீரல் நோயில் வெள்ளை அணுக்கள் கூடினால் குறைக்க மருந்து எடுக்க வேண்டுமா?

அம்மாவுக்கு சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இருக்கிறது. வெள்ளை அணுக்கள் 13,000 என்று வந்திருக்கிறது. குறைக்க என்ன கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. ஆனால் இதே மாதிரி ஒரு ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ரத்தப் புற்றுநோயோ என்று பயந்து ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்தவன்.

என் பெரியம்மாவுக்கு தேவிபட்டினம் பக்கம். பீடி, சுருட்டு தொட்டதே இல்லை. ஆனால் முப்பது வருஷம் கரிமூட்டத்தில் வேலை. சீமைக் கருவேல விறகை அடுக்கி, மண் போட்டு மூடித் தீ வைத்தால் நாள்கணக்கில் உள்ளுக்குள் புகையும். எங்கே மண் வெடித்துப் புகை வருகிறதோ அங்கே ஓடிப்போய் அடைக்க வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அதே விறகில்தான் சமையல்.

அந்தப் புகை நுரையீரலுக்குள் போனதும், அங்கேயே குடியிருக்கும் மேக்ரோபேஜ் என்ற வெள்ளை அணுக்கள் ஆபத்து என்று ரசாயனக் குரல் கொடுக்கின்றன. ரத்தத்திலிருந்து நியூட்ரோபில் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களை நம் எலும்பு மஜ்ஜை உண்டாக்குகிறது. கிருமியை அழிக்க அவை வைத்திருக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதி, நுரையீரலுக்கு இழுவை தரும் நாரையும் அறுக்கும். வலையில் நூல் அறுந்து நாலைந்து கண் ஒரே பொத்தலாவது போல, சின்னச் சின்ன காற்றறைகள் சேர்ந்து பெரிய ஓட்டையாகிவிடுகின்றன. வலையையாவது உட்கார்ந்து சரிபார்த்துவிடலாம். இதைத் திரும்பப் பின்ன இன்றுவரை வழியில்லை.

எலாஸ்டேஸைக் கட்டுப்படுத்தும் ஒரு புரதத்தைக் கல்லீரல் தயாரிக்கிறது. பிறவியிலேயே அது குறைந்தவர்களுக்கு நுரையீரல் சிதைவதை 1963இல் ஸ்வீடனில் லாரெல், எரிக்சன் இருவரும் கண்டார்கள். அதற்குப் பிறகுதான் நம் அணுக்களின் நொதியே நுரையீரலை அரிக்கலாம் என்ற எண்ணம் வலுப்பட்டது.

அதற்காக வெள்ளை அணுக்களைக் குறைக்கலாம் என்று நினைக்காதீர்கள். அவை இல்லாவிட்டால் சாதாரணச் சளிக்காய்ச்சலே நிமோனியாவாகிவிடும். அவற்றை அழைக்கிற புகையைத்தான் நிறுத்த வேண்டும்.

அப்புறம் அந்த 13,000. இயல்பு அளவு 4,000 முதல் 11,000 வரை. முதலில் ஒன்று பாருங்கள்: அம்மா ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரத்தம் எடுத்தார்களா? ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கிடக்கும் நியூட்ரோபில்களை அந்த மாத்திரை ஓட்டத்துக்குள் இறக்கிவிடும், எண்ணிக்கை ஏறும். பெரியம்மாவுக்கு நடந்தது அதுதான். காய்ச்சல், இளைப்பு கூடுதல், சளி பச்சையாக மாறுதல் இருந்தால் விஷயம் வேறு. அந்தப் பச்சை நிறமே நியூட்ரோபில்களில் இருக்கும் ஒரு நொதியின் நிறம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அதே தாளில் ஈசினோபில் என்ற வேறொரு வகை வெள்ளை அணுவுக்கான வரியும் சதவீதமாக இருக்கும். மொத்த எண்ணிக்கையை அந்தச் சதவீதத்தால் பெருக்குங்கள். 9,000த்தில் 4 சதவீதம் என்றால் 360. அடிக்கடி இளைப்பு முற்றுகிறவர்களுக்கு இது 300க்கு மேல் இருந்தால் இன்ஹேலரில் ஸ்டீராய்டு சேர்ப்பது நல்ல பலன் தரும். 100க்குக் கீழே என்றால் பலன் குறைவு, நிமோனியா அபாயம்தான் மிச்சம். ஸ்டீராய்டு மாத்திரை இந்த அணுவைக் குறைத்துவிடும் என்பதால், மாத்திரை இல்லாத நாளில் எடுத்த கணக்கே சரி. 3,000ஐத் தாண்டினால் யானைக்கால் புழுவால் வரும் ஈசினோபீலியாவா என்று பார்ப்பார்கள். அதற்கு மருந்தே வேறு.

பெரியம்மா இப்போது கேஸ் அடுப்பில் சமைக்கிறார். மூட்டம் போடும் நாள்களில் காற்று எங்கள் பக்கம் திரும்பினால் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். உங்கள் அம்மா எந்த அடுப்பில் சமைத்தார், எத்தனை வருஷம் என்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். எங்களிடம் பீடி குடிப்பாரா என்று மட்டும்தான் கேட்டார்கள்.