ரீபோர் இருக்கட்டும், முதலில் பிரீதரைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு 43 வயது. வங்கி வேலை. அப்பா 1984-ல் எடுத்த புல்லட் 350, அவர் காலமான பிறகு என்னிடம் இருக்கிறது. ஆபீசுக்கும் அதில்தான் போகிறேன். நிறுத்தும் இடமெல்லாம் ஆயில் ஒழுகுகிறது. நாலு நாள் நின்றுவிட்டு ஸ்டார்ட் செய்தால் தெருவே புகை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியதும் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்புகிறது. போன மாதம் கிக்கர் திருப்பியடித்துக் கணுக்கால் வீங்கிவிட்டது. மூன்றாவது மெக்கானிக், எஞ்சினை இறக்கி ரீபோர் அடித்தால்தான் தீரும் என்கிறார். மனைவி, “மாமா ஞாபகத்துக்கு ஃபோட்டோ போதும், வித்துடுங்க” என்கிறார். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: எஞ்சினை இறக்க இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். ரீபோர் என்றால் தேய்ந்த சிலிண்டரை லேத்தில் குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. நீங்கள் எழுதியிருக்கும் நான்கு தொல்லைகளில் ஒன்றுகூட நேராக ரீபோரைக் காட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் அதைவிட மலிவான, வெளியிலேயே கை வைத்துப் பார்க்கக்கூடிய காரணம் இருக்கிறது. அவற்றைப் பார்த்து முடித்த பிறகும் வண்டி புகைந்தால் லேத்துக்குப் போகலாம்.

புகையிலிருந்து தொடங்குகிறேன், ரீபோர் பேச்சு அங்கேதான் பிறக்கிறது. உங்களுடையது இரும்பு சிலிண்டர் புல்லட். இதில் ஆயிலுக்குத் தனி அறை, எஞ்சின் அடிப்பெட்டியிலேயே ஃபிளைவீலுக்குப் பின்னால் வார்க்கப்பட்டிருக்கும். ஒரு பம்ப் அங்கிருந்து ஆயிலை எஞ்சினுக்கு அனுப்பும். இன்னொரு பம்ப் வேலை முடித்து வடிந்த ஆயிலைத் திருப்பிக் கொண்டுவரும். வண்டி சில நாள் சும்மா நின்றால், தேய்ந்த பம்ப் வழியாக ஆயில் மெல்லக் கசிந்து ஃபிளைவீல் அறையில் தேங்கிவிடும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது அது மேலே ஏறி எரிகிறது, நீலப் புகை தெருவை மூடுகிறது. இரண்டாவது பம்ப் தேங்கியதை இழுத்து முடித்ததும் புகை அடங்கிவிடும். இது இந்த எஞ்சினின் பிறவிக் குணம். பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்த வண்டி அப்படி அடங்காது. நன்றாகச் சூடேறிய பிறகும் புகையும், ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்கப் புகையும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாலு நாள் நின்ற வண்டியில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைவாகத்தான் காட்டும், ஏனென்றால் பாதி ஃபிளைவீல் அறையில் இருக்கிறது. குறைந்துவிட்டதே என்று அரை லிட்டர் ஊற்றுவீர்கள். வண்டி ஓடியதும் தேங்கியிருந்ததும் திரும்பி வந்து சேரும், அளவு மீறிப்போகும். கூடுதல் ஆயில் கிடைத்த வழியில் வெளியே வரும். ஆகவே ஐந்து நிமிடமாவது ஓட்டி, நிறுத்தி, உடனே பார்ப்பதுதான் சரியான அளவு. நீங்களும் காலையில் பார்த்துத்தான் ஊற்றுகிறீர்கள் என்பது என் ஊகம்.

ஒழுகலுக்கு வருவோம். பட்டறையில் இதற்குப் பதில் எப்போதும் ஒன்றுதான்: எல்லா கேஸ்கட்டையும் மாற்றி, அனாபாண்ட் பசையை அள்ளிப் பூசி, போல்ட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்குவது. ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு தடவையும் அடிப்பெட்டிக்குள் இருக்கும் காற்று அமுங்குகிறது. அது வெளியேறத்தான் பிரீதர் குழாய் இருக்கிறது. அதன் முனையில் வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர் வாய். காற்றை வெளியே விடும், உள்ளே இழுக்காது. வருஷக்கணக்கில் அந்த ரப்பர் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், அல்லது குழாய் அழுக்கால் அடைத்துக்கொள்ளும். காற்றுக்கு வழியில்லாதபோது அது ஆயிலைத் தள்ளிக்கொண்டு கேஸ்கட், புஷ்ராட் (வால்வைத் தள்ளும் கம்பி) மூடி என்று எங்கே இளகியிருக்கிறதோ அங்கே வெளியேறும். சில நூறு ரூபாய்கூட ஆகாத ரப்பருக்காக முழு எஞ்சினுக்கும் கேஸ்கட் செட் மாற்றிய வண்டிகள் உண்டு. அந்தக் குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, ரப்பரை மாற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

இடது பக்கத்தில் இருந்து மட்டும் ஒழுகினால் அது பெரும்பாலும் எஞ்சினையும் கிளட்சையும் இணைக்கும் பிரைமரி செயினின் மூடி. அதை ஒரே ஒரு நடு நட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கும். ஒழுகுகிறதே என்று அதை முறுக்க முறுக்க மூடி வளையும், ஒழுகல் கூடும். கியர் பெட்டியிலிருந்து வந்தால், யாரோ அதில் மெல்லிய ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய நான்கு கியர் பெட்டிக்குக் கூழ்போன்ற கிரீஸ்தான் பழக்கம். தண்ணீரான ஆயில் ஊற்றினால் கிக்கர் தண்டு வழியே சொட்டிக்கொண்டேதான் இருக்கும்.

கணுக்கால் விஷயத்தை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். கடிதத்திலேயே அவசரமானது அதுதான். கிக்கர் திருப்பியடிப்பது என்றால், பிஸ்டன் மேலே வந்து சேருவதற்கு ரொம்ப முன்பே பொறி விழுகிறது என்று அர்த்தம். டைமிங், அதாவது பொறி விழும் நேரம், தவறாக வைக்கப்பட்டிருக்கலாம். அல்லது பாயின்ட் (திறந்து மூடிப் பொறியை வரவைக்கும் சுவிட்ச்) தட்டுக்கு அடியில், வேகத்துக்கேற்பப் பொறியை முன்தள்ளும் அட்வான்ஸ் அமைப்பு துருப்பிடித்தோ, அதன் ஸ்பிரிங் தளர்ந்தோ, வேகமாக ஓடும்போது நிற்க வேண்டிய நிலையிலேயே சிக்கிக்கொண்டிருக்கலாம். பாயின்ட் மாற்றுகிற பலர் தட்டைத் தூக்கிக் கீழே பார்ப்பதில்லை. கழற்றிச் சுத்தம் செய்து ஒரு சொட்டு ஆயில் விட்டு, எடைகள் விரிந்து தானாகத் திரும்புகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாயின்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்துவிட்டு, அதன் பிறகு டைமிங். இந்த வரிசை மாறக்கூடாது, இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். அது முடியும்வரை செருப்புக் காலோடு கிக்கரைத் தொடாதீர்கள். வீட்டில் பையன்கள் யாராவது ஆசைப்பட்டாலும் விடாதீர்கள்.

உங்கள் அப்பா எப்படி ஸ்டார்ட் செய்வார் என்று நினைவிருக்கிறதா? சாவியைப் போட்டு, ஆம்பியர் மீட்டரைப் பார்த்தபடி கிக்கரை மெதுவாக அழுத்தியிருப்பார். முள் ஒருமுறை மைனஸ் பக்கம் சாய்ந்து நடுவுக்குத் திரும்பும். அந்த இடத்தில், சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் நகர்த்திவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே நீள மிதி. அழுத்தி உதைப்பது இதில் வேலைக்காகாது. முள் நடுங்காமல் செத்துக் கிடந்தால் பேட்டரியையோ வயரையோ முதலில் கவனியுங்கள்.

அந்தக் கிக்கரிலேயே ரீபோருக்கான சோதனையும் இருக்கிறது. சாவியை எடுத்துவிட்டு, டிகம்ப்ரஸரைத் தொடாமல், கம்ப்ரஷன் தட்டும் இடத்தில் கிக்கர்மேல் உங்கள் எடையை வையுங்கள். சில விநாடி தாங்கி, மெல்ல இறங்கினால் போரும் ரிங்கும் ஓட்டக்கூடிய நிலையில் இருக்கின்றன. வெண்ணெயில் கால் வைத்ததுபோல் உடனே இறங்கினாலும் முதலில் டேப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியைப் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புஷ்ராடு விரலால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. அது இறுகிக் கிடந்தால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் போய்விடும், பழி போருக்கு விழும்.

சூடானதும் நிற்பதற்கு இரண்டு சந்தேகம். நிற்கிற இடத்திலேயே பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போய், வண்டி உடனே கிளம்பினால், மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஒரு ஊசியில் தீர்ந்துபோகும் வேலை. அது இல்லையென்றால் பாயின்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டென்சர், அல்லது பொறிக்கு மின்சாரம் தரும் காயில். இரண்டுமே ஆறியிருக்கும்போது நல்லபிள்ளையாகத்தான் இருக்கும். பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் வண்டி ஆறிவிடுவதால் எந்த மெக்கானிக் கண்ணுக்கும் தெரியாது. நின்ற அந்த நிமிடத்திலேயே பிளக்கைக் கழற்றி பொறி பாருங்கள். பாயின்ட் முனையில் பெரிய நீலப்பொறி தெறித்தால் கண்டென்சர்தான். ஒரு பிளக், ஒரு கண்டென்சர், கிளட்ச் கேபிள், ஃபியூஸ், பிளக் ஸ்பானர் – இவை எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

மூன்றாவது மெக்கானிக்கை நான் குறை சொல்லவில்லை. 2000-களின் கடைசியில் புது எஞ்சின் வந்த பிறகு புல்லட்டில் பாயின்டே கிடையாது. 2020-க்குப் பிறகு கார்புரேட்டரும் போய்விட்டது. முப்பது வயதுக்குள் இருக்கும் ஒருவர் பாயின்ட் வைத்துப் பழகியிருக்க நியாயமில்லை. தலை நரைத்த ஒருவரைத் தேடுங்கள். வேலை முடியும்வரை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள், கழற்றிய பழைய பொருள் எதையும் அங்கே விட்டு வராதீர்கள். நாற்பது வருஷம் ஓடிய கண்டென்சர் நன்றாக இருந்தால், புது டூப்ளிகேட்டைவிட அதையே நம்பலாம்.

உதிரிப் பொருளைப் பற்றி உங்களுக்கு அவ்வளவு கவலை வேண்டாம். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்ட் கம்பெனியும் சேர்ந்து ஆரம்பித்து, திருவொற்றியூரில் செய்த வண்டி இது. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே மூடிப்போன பிறகும் இங்கே அதே இரும்பு எஞ்சின் பெரிய மாற்றமில்லாமல் 2000-களின் கடைசிவரை வந்தது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிதும், புதுப்பேட்டையில் பழையதும் கிடைக்கும். யெஸ்டி பைக்கோ ராஜ்தூத் 350-யோ வைத்திருப்பவர்கள் ஒரு சின்னப் பாகத்துக்கு அலையும் அலைச்சலைப் பார்த்தால் உங்கள் நிலை எவ்வளவோ மேல்.

விற்பதா வேண்டாமா என்பதற்கு: வண்டியை வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஆபீஸ் போவதை நிறுத்துங்கள். உங்கள் மனைவியின் கோபம் வண்டிமேல் இல்லை என்று நினைக்கிறேன். ஒன்பதரைக்குப் போய்ச் சேர வேண்டியவர் பத்து மணிக்கு ரோட்டோரத்தில் நிற்பதும், கால் வீங்கி வருவதும்தான் அவருக்குப் பிரச்சினை. அதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆபீசுக்குச் சாதாரண ஸ்கூட்டர் ஒன்று போதும். புல்லட்டை வாரம் ஒருமுறை, இருபது கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டுங்கள். வாசலில் ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவது ஓட்டாமல் விடுவதைவிடக் கெடுதல். எஞ்சின் சூடேறாது, உள்ளே ஈரம்தான் சேரும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் வாஷரையும் கெடுக்கும். அந்தக் குழாயை இந்த வாரமே புதிதாக மாற்றுங்கள். ஒழுகும் பெட்ரோலும் சூடான சிலிண்டரும் ரொம்பப் பக்கத்தில் இருக்கின்றன. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் இன்னும் இருக்கிறதே என்று பத்து வருஷ டயரில் ஓட்டாதீர்கள், டிரம் பிரேக் வண்டிக்கு அதுவும் சேர்ந்தால் ஆபத்து.

கடைசியாக, ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அப்பா பெயரிலேயே இருந்தால், அவர் இறந்த பிறகு ஓட்டுவதற்குச் சட்டம் தரும் அவகாசம் மூன்று மாதம்தான். பெயர் மாற்றத்துக்கான படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுடைய சம்மதக் கடிதம் – இவற்றோடு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போங்கள். இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரு விபத்து நடந்தால் பணம் கேட்கும் இடத்தில் சிக்கல் வரும். பதினைந்து வருஷம் கடந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், தாமதமானால் மாதத்துக்கு 300 ரூபாய் கூடிக்கொண்டே போகும். போவதற்கு முன், எஞ்சினிலும் சேசிஸிலும் பொறித்த எண்களை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் எஞ்சின் மாற்றியவர்கள் புத்தகத்தில் பதியாமல் விட்டது சாதாரணம். எண் பொருந்தவில்லையென்றால் இப்போது அதுதான் முதல் வேலை. எனக்கு எழுதுங்கள், அதற்குத் தனியாகப் பதில் சொல்கிறேன்.