மலையகத்தில் ஊற்றையும் கிணற்றையும் ஊர் அமைப்புகளே திட்டமிட்டுக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி கேட்டவர் கலிபோர்னியாவை உதாரணம் காட்டியிருக்கிறார். அங்கே விவசாயப் பகுதிகளில் உள்ளூர் அமைப்புகளே நிலத்தடி நீருக்குத் திட்டம் போடுகின்றன, நுவரெலியா, பதுளைப் பக்கம் மரக்கறி செய்கிற நமக்கும் அது சரிவருமா என்று கேட்கிறார். சரிவரும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் பிரதேச சபையின் எல்லைக் கோட்டை வைத்துத் தொடங்கினால் சரிவராது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் வெலிமடைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பா தோட்ட வேலையிலிருந்து பேர் வெட்டிக்கொண்டு குத்தகை நிலத்தில் கெரட், லீக்ஸ் போட ஆரம்பித்தார். இப்போது நானும் அதே வேலைதான். அதோடு எங்கள் ஊர் குடிநீர்ச் சங்கத்துக்கு ஒன்பது வருடமாகச் செயலாளர். 112 வீடுகள். மேலே தேயிலை மலைக்குப் பக்கத்தில் இருக்கிற ஓர் ஊற்றுதான் எங்கள் எல்லாருக்கும் தண்ணீர். பதுளை மாவட்டத்தில் இந்த மாதிரிச் சங்கங்கள் புதிது இல்லை. 1993இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய சமூக நீர் வழங்கல் திட்டம் பதுளை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களில்தான் முதலில் நடந்தது. குழாய் போடுவது, மாதக் காசு வாங்குவது, டாங்கி கழுவுவது எல்லாம் ஊரே செய்யும். அப்படிப் பார்த்தால் உள்ளூர் அமைப்பு ஒன்று நம்மிடம் முப்பது வருடமாகவே இருக்கிறது. அதற்கு வீட்டுக் குழாயைப் பார்க்கத்தான் அதிகாரம். ஊற்று எங்கிருந்து ஊறுகிறதோ அந்த மலையைப் பற்றிப் பேச அதற்கு இடமே இல்லை.

இதை நான் புரிந்துகொண்டது ஒரு வாளியால். ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு காலையில் ஊற்றுக்குப் போவேன். 20 லீட்டர் வாளி ஒன்றைப் பீலிக்குக் கீழே வைத்து, போனில் நேரம் பார்ப்பேன். அவ்வளவுதான் வேலை. மார்கழி மழை முடிந்த கையோடு வாளி 16 விநாடியில் நிறைந்துவிடும், தண்ணீர் பொங்கிக் காலை நனைக்கும். ஆவணியில் அதே வாளிக்கு 1 நிமிடம் 50 விநாடி ஆனது. வறண்ட கச்சான் காற்று முகத்தில் அடிக்க, வாளியைப் பார்த்துக்கொண்டு அங்கே குந்தியிருக்கும்போது அந்த 110 விநாடி எவ்வளவு நீளம் என்பது உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் விளங்கும். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்குச் சுமார் 15,700 லீட்டர், வீட்டுக்கு 140 லீட்டர். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதற்குள்தான். நிமிடத்துக்கு 400 லீட்டர் இழுக்கிற ஒரு தண்ணீர் மோட்டர், எங்கள் 112 வீட்டின் ஒரு நாள் தண்ணீரை 40 நிமிடத்தில் இழுத்துவிடும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய அன்றைக்கு, சங்கக் கூட்டத்தில் வழக்கமாக நடக்கும் வாய்ச்சண்டை நின்றுவிட்டது.

இனி கலிபோர்னியா. 2014இல், கடுமையான வறட்சியின் நடுவில், அந்த மாநில ஆளுநர் ஜெரி பிரவுன் நிலத்தடி நீர்ச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நிலத்துக்கடியில் தண்ணீர் தேங்கும் பகுதிகளான நீர்ப்படுகைகளில் முக்கியமான ஒவ்வொன்றுக்கும் உள்ளூர் அமைப்பு ஒன்று உருவாக வேண்டும், அது திட்டம் எழுத வேண்டும், ஏறத்தாழ 20 வருடத்தில் இழுப்பதும் ஊறுவதும் சமநிலைக்கு வர வேண்டும் என்பது சட்டத்தின் சாரம். மிக மோசமாக இறைக்கப்பட்ட படுகைகள் 2020 ஜனவரிக்குள்ளும் மற்றவை 2022 ஜனவரிக்குள்ளும் திட்டம் கொடுக்க வேண்டியிருந்தது. எந்தெந்தச் சேதம் நடக்கக்கூடாது என்பதையும் சட்டமே ஆறாகப் பிரித்துச் சொல்கிறது. நீர்மட்டம் தொடர்ந்து இறங்குவது, சேமிப்புக் குறைவது, கடல்நீர் புகுவது, தண்ணீரின் தரம் கெடுவது, நிலம் தாழ்ந்துபோவது, ஆறும் ஓடையும் வற்றுவது. நிலம் தாழ்வதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு: சான் வாகீன் பள்ளத்தாக்கில் மெண்டோட்டா என்ற ஊருக்குப் பக்கத்தில் 1977இல் எடுத்த படம் ஒன்று உண்டு. ஓர் ஆய்வாளர் மின்கம்பத்துக்கு அருகில் நிற்கிறார். 1925இல் தரை எந்த உயரத்தில் இருந்தது என்று அவர் தலைக்கு மேலே வெகு தூரத்தில் ஒரு பலகை சொல்கிறது. சுமார் 9 மீற்றர். அந்த 52 வருடமும் இறைத்துக்கொண்டே இருந்ததில் பூமி அவ்வளவு அமிழ்ந்துவிட்டது.

அந்தச் சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது, உள்ளூர் அமைப்பு ஒழுங்காகச் செய்யாவிட்டால் மாநிலம் தலையிடும் என்பது. வாயளவில் விட்டுவிடவும் இல்லை. 2023 மார்ச்சில் சான் வாகீன் பள்ளத்தாக்கின் ஆறு துணைப்படுகைகளின் திட்டங்கள் போதாது என்று தள்ளப்பட்டன. 2024 ஏப்ரலில் துலாரே ஏரித் துணைப்படுகையை மாநில நீர்ச் சபை தன் நேரடிக் கண்காணிப்பில் வைத்தது. பிடிக்காததும் ஒன்று உண்டு. பெரிய பண்ணைக்காரரின் ஆழக் கிணற்றை மனதில் வைத்து நீர்மட்டத்துக்கு எல்லை போட்டால், பக்கத்து ஏழை வீட்டின் ஆழமில்லாத கிணறுதான் முதலில் காயும். துலாரே மாவட்டத்தின் கிழக்குப் போர்ட்டர்வில் ஊரில் 2014 வறட்சியில் நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் காய்ந்துபோய், சனம் போத்தல் தண்ணீரில் குடும்பம் நடத்தியது.

சரி, நம் மலைக்கு வருவோம். அங்கேயும் இங்கேயும் பூமியே வேறு. அவர்களுடையது நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு மணலும் களியும் படிந்த பெரிய பள்ளத்தாக்கு. நம்முடையது கெட்டிப் பாறை. அதன் மேலே உக்கிய பாறையும் மண்ணும் ஒரு போர்வை மாதிரி. பத்தனை என்கிற மலைப் புல்வெளியிலும் காட்டிலும் விழுகிற மழை அந்தப் போர்வைக்குள் இறங்கி, பாறையைத் தொட்டதும் சரிவோடு நகர்ந்து, பாறை வெளியே தலைகாட்டுகிற இடத்தில் ஊற்றாக வருகிறது. மிச்சம் கொஞ்சம் பாறை வெடிப்புகளுக்குள் போகிறது. குழாய்க் கிணறு தோண்டுபவர்கள் தேடுவது அந்த வெடிப்பைத்தான். ஆகவே நம் சேமிப்பு சின்னது. ஒரு வடகீழ்ப் பருவமழையில் நிறைந்து, ஒரு கச்சான் காலத்தில் வடிந்துவிடும். இதில் எனக்கு ஒரு நம்பிக்கையும் தெரிகிறது. அவர்களுக்கு 20 வருடம் தேவைப்படுகிற சமநிலை நமக்கு ஒன்றிரண்டு பருவத்திலேயே கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும், கெட்டுப்போவதும் அதே வேகத்தில்தான். பண்டாரவளைப் பக்கம் என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும். உமா ஓயா ஆற்று நீரைத் திருப்பும் திட்டத்துக்காகச் சுரங்கம் குடைந்தபோது, 2014 கடைசியில் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. மேலே கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன, 2017இல் சனம் வீதிக்கு இறங்கியது. எங்கள் ஊர் அந்தச் சரிவில் இல்லை. ஆனாலும் பாறைக்குள் ஒரு வழி திறந்தால் தூரத்துக் கிணறும் தப்பாது என்பதை நாங்கள் எல்லாரும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டோம்.

இந்தப் பூமிக்கு யார் திட்டம் போடுவது? எங்கள் ஊற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊற்றுக்கு மேலே இருப்பது தோட்டத்துத் தேயிலை, அதற்கும் மேலே பைனஸ் காடு. தேயிலை தோட்ட நிர்வாகத்திடம், காடு வனத் திணைக்களத்திடம். ஊற்றிலிருந்து கீழே மரக்கறி நிலம், அதன் விவசாயிகள் கமநல சேவை நிலையத்தின் கீழ் வருகிறார்கள். குடிநீர் எங்கள் சங்கத்தின் கையில். அதற்கும் கீழே வயல். ஓடையைத் தாண்டினால் வேறு பிரதேச சபை. குழாய்க் கிணறு என்றால் நீர்வள சபை, 1964ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது. ஒரு மணி நேரத்தில் நடந்து இறங்கக்கூடிய ஒரே சரிவுக்கு இத்தனை அலுவலகம்! ஒவ்வொன்றிடமும் ஒரு கோப்பு இருக்கிறது, ஊற்றைப் பற்றி எதிலும் இல்லை. தண்ணீர் இறங்குகிற சரிவை ஒரே அலகாக எடுக்க வேண்டும், அதற்குள் வருகிற எல்லாரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். கலிபோர்னியாவும் எல்லையைப் படுகையை வைத்தே போட்டது. நம் படுகை ஒரு மலைச் சரிவு அளவுதான், ஆகவே அமைப்பும் அந்த அளவுக்குச் சின்னதாக இருந்தால் போதும்.

மூன்று வருடத்துக்கு முன் ஊற்றுக்கு மேலே, 200 அடி தள்ளி, ஒரு விவசாயி குழாய்க் கிணறு தோண்டினார். அடுத்த ஆவணியில்தான் எனக்கு அந்த 110 விநாடி வந்தது. அதற்கு முன்னைய வருடங்களில் 70ஐத் தாண்டியதில்லை. ஊரில் கொதித்துப்போனார்கள். மோட்டரை உடைக்கப் போகிறோம் என்று இளைஞர்கள் கிளம்பினார்கள். கீழ் ஊரில் வயல் செய்கிற பெரியவர் ஒருவர், நாங்கள் சீயா (சிங்களத்தில் தாத்தா) என்று கூப்பிடுவோம், என்னைத் தனியே அழைத்து, "தம்பி, அவனையும் வாளி பிடிக்கக் கூட்டிக்கொண்டு போ" என்றார். கூட்டிக்கொண்டு போனேன். ஒரு நாள் மோட்டர் ஓடும்போது அளந்தோம். இரண்டு நாள் நிறுத்திவைத்துத் திரும்ப அளந்தோம். 110 விநாடி 84 ஆனது. அவர் ஒன்றும் பேசவில்லை. வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். அவரும் கெட்டவர் இல்லை, உருளைக்கிழங்குக்குக் கடன் வாங்கியிருந்தார், பயிர் காய்ந்தால் அவர் குடும்பம் முடிந்தது. இப்போது ஆடி, ஆவணி இரண்டு மாதமும் இரவில் மோட்டர் போடுவதில்லை, பகலில் இரண்டு மணி நேரம் மட்டும் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். பதிலுக்குச் சங்கம் அவருக்கு மழைநீர்த் தொட்டி கட்ட ஆள் கொடுத்தது. எந்தச் சட்டமும் இதைச் செய்யவில்லை. ஆனால் அவர் நிலத்தை விற்றுவிட்டால் இந்த வாய்ப்பேச்சு புதியவரைக் கட்டுமா? கட்டாது. எங்களுக்கு எழுத்தில் ஒரு விதி தேவைப்படுவது அங்கேதான். ஊற்றிலிருந்து இத்தனை தூரத்துக்குள் அனுமதியில்லாமல் துளை போடக்கூடாது, போட்டால் தண்ணீரை அளக்கும் மீற்றர் பூட்ட வேண்டும் என்கிற விதி. வீட்டுப் பாவனைக்கான சின்னக் கிணறுகளை அதிலிருந்து விட்டுவிடலாம். கலிபோர்னியாவிலும் வருடத்துக்குச் சுமார் 25 இலட்சம் லீட்டருக்குக் குறைவாக எடுக்கிற வீட்டுக் கிணற்றுக்கு மீற்றர் கேட்பதில்லை.

அந்த மேசையில் யாருக்கு நாற்காலி என்ற கேள்வியை நான் விடமாட்டேன். காணி உறுதி உள்ளவருக்குத்தான் வாக்கு என்று வைத்தால், லயத்தில் இருக்கிற சனம் தானாகவே வெளியே போய்விடும். நிலம் அரசுடையது, 1992 முதல் கம்பனிகள் நடத்துகின்றன, லய அறைக்கு உறுதி இல்லை. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் வேலை செய்யத் தடையாக இருந்த சட்டப்பிரிவே 2018இல்தான் திருத்தப்பட்டது. ஆனால் ஊற்றைப் பற்றி அதிகம் தெரிந்தது அந்த லயத்துப் பெண்களுக்குத்தான். கொழுந்து எடுக்கப் போகிற வழியில் எந்தக் கசிவு எந்த மாதம் நிற்கும், எந்தப் பீலி முதலில் மெலியும் என்று என் அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அப்புறம், கூட்டக் குறிப்பு தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். எங்கள் சங்கத்தில் நான்கு வருடம் சிங்களத்தில் மட்டும் எழுதினோம். அந்த நான்கு வருடமும் தோட்டத்து ஆட்கள் வந்து, கையெழுத்துப் போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள்.

இன்னொன்று, மழைநீரை நிலத்துக்குள் இறக்கக் குழி வெட்டுவோம் என்று உற்சாகமாகச் சொல்பவர்களுக்கு. சமதரையில் நல்லது. நம் செங்குத்துச் சரிவில் தப்பான இடத்தில் வெட்டினால் மலை சரியும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்துவிட்டுக் குழி வெட்டக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தைப் பார்த்து, அவர்களிடம் கேட்டு, பிறகே மண்வெட்டியை எடுக்க வேண்டும். எங்கள் இடத்தில் அவர்கள் காட்டிய வழி சம உயரக் கோட்டில் புல் வரிசையும் கல்வேலியும்தான்.

தண்ணீரின் தரத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் நாம் அள்ளிக் கொட்டுகிற யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாகக் கீழே இறங்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை, கொதிக்கவைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். உலக சுகாதார நிறுவனம் லீட்டருக்கு 50 மில்லிகிராமை எல்லையாக வைத்திருக்கிறது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீடுகளில் இது விளையாட்டு இல்லை. வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், ஒரு போத்தல் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

உங்கள் ஊரில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், வாளியும் ஒரு சி.ஆர். கொப்பியும் போதும். ஒரு முழு வருடம் எழுதுங்கள், அந்தக் கொப்பியோடு போய்ப் பிரதேச சபையில் பேசுங்கள். எங்கள் கொப்பியில் இப்போது பல வருடக் கணக்கு இருக்கிறது. அதன் நகலை இணைத்து, ஊற்றுக்கு மேலே இருக்கிற தேயிலைச் சரிவில் 50 மீற்றருக்குக் களைநாசினி அடிக்க வேண்டாம் என்று தோட்டத்துக்கு எழுதியிருக்கிறோம். பதில் வரவில்லை. அடுத்த கடைசி ஞாயிறு வாளி பிடிக்க வரும்படி தோட்ட முகாமையாளரான பெரிய துரையையும் கூப்பிட்டிருக்கிறோம்.