ஏற்காட்டுக் குளிரில் வீட்டைக் கலகலப்பாக்க: முதலில் பீரோவை நகர்த்துங்கள்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுக்கு வாடகை வீட்டில் குடிவந்திருக்கிறோம். மார்கழி பிறந்ததிலிருந்து வீடெல்லாம் ஈர வாடை. சாயங்காலம் ஆனால் ஆளுக்கொரு மூலையில் போர்வைக்குள் முடங்கிவிடுகிறோம். ஹீட்டர் வாங்கலாமா? பக்கத்து வீட்டில் கரி அடுப்பை அறைக்குள் வைக்கச் சொல்கிறார்கள்.

பதில்: கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கனலும் கரி கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை; தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்தால் போதும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள்.

ஹீட்டர் வாங்கலாம். 2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். பெரியவர்கள் படுக்கும் அறையில், படுக்கப் போகும் முன் அரை மணி நேரம் ஓடினால் போதும்.

உங்கள் வீட்டில் குளிரைவிட ஈரம்தான் பெரிய தொல்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறி வந்ததும் பயந்துபோய் எல்லா ஜன்னலையும் நாள் முழுக்கச் சாத்திவிடுகிறோம். உலை கொதிக்கும் ஆவி, வெந்நீர் ஆவி, உள்கொடியில் காயும் துணி எல்லாம் சேர்ந்து குளிர்ந்த சுவரில் வேர்த்து நிற்கும். பீரோவை நகர்த்திப் பாருங்கள். பின்சுவரில் மிளகு தூவினாற்போல் பூஞ்சை பூத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. துடைத்துக் காயவிட்டு, சுவருக்கும் பீரோவுக்கும் நாலு விரல் இடைவெளி விடுங்கள். ஈரம் போகாமல் மேலே பெயின்ட் அடிப்பது வீண் செலவு. பனிமூட்டம் விலகியதும், பதினோரு மணி வாக்கில், எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து மூன்று மணிக்குச் சாத்துங்கள்.

டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும். உச்சிப் பொழுதிலும் தலைக்கு நேரே வராது. அதனால் இந்த மாதங்களில் தெற்கு ஜன்னல்தான் உங்களுக்குச் சொத்து. சேலம் வெயிலுக்குத் தைத்த கனத்த திரையை அங்கேயே மாட்டியிருந்தால் பகலில் முழுக்க ஒதுக்கிவிடுங்கள். சில்வர் ஓக் கிளை மறைத்தால் வீட்டுக்காரரிடம் சொல்லிக் கழிக்கச் செய்யுங்கள்.

சிமெண்ட் தரை காலின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கோரைப்பாய் விரித்து அதன்மேல் பவானி ஜமக்காளம் போடுங்கள்; சிவப்பும் பச்சையுமாகப் பட்டை போட்டதாக எடுத்தால் அறையே முழித்துக்கொள்ளும். தினமும் காலையில் இரண்டையும் தூக்கி உதறாவிட்டால் அடியில் பூஞ்சை பிடிக்கும்.

அடுத்தது விளக்கு. 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட் வெயில் ஊருக்குச் சரி. வெளியே பனி இறங்கும்போது அது ஆஸ்பத்திரி வராந்தாவைத்தான் ஞாபகப்படுத்தும். 2700 கெல்வின் மஞ்சள் எல்இடி இரண்டு வாங்கி, உட்கார்ந்தால் முகத்துக்குப் பக்கமாக வரும்படி தாழ்வாக வையுங்கள்.

அடுப்படியை ஒட்டிய அறைதான் சாயங்காலத்தில் கதகதப்பாக இருக்கும். பிள்ளைகளின் பாடம், சாப்பாடு, அரட்டை எல்லாவற்றையும் அங்கே மாற்றுங்கள். கதகதப்பாக இருக்கிறதே என்று துணிக்கொடியை மட்டும் அங்கே கட்டிவிடாதீர்கள்.