கோடாகத் தெரிந்த சனியும் கட்டிலடியில் கிடக்கும் தொலைநோக்கியும்

கேள்வி: நான் ஒரு சிற்றூர் அஞ்சலகத்தில் வேலை பார்க்கிறேன், வயது 46. மகள் கல்லூரிக்குப் போன பிறகு, சிறு வயது முதல் மனத்தில் இருந்த ஆசைக்காக 70 மில்லிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை வாங்கினேன். வானம் பார்க்கும் ஆர்வலர் குழு ஒன்றிலும் சேர்ந்தேன். 2025 நவம்பரில் மழை விட்டிருந்த ஓர் இரவில் சனியைப் பார்த்தேன். படங்களில் காணும் வளையம் தெரியவில்லை. உருண்டையின் இருபுறமும் ஊசி போல ஒரு கோடு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் குழுவில் சொன்னபோது மூத்த உறுப்பினர் ஒருவர், "முதலில் ஃபோகஸ் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள் அம்மா" என்றார், மற்றவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து தொலைநோக்கி கட்டிலடியில் கிடக்கிறது. படித்தவர்களுக்கும் பெரிய கருவி வைத்திருப்பவர்களுக்கும் மட்டும் உரியதா இது? தனியாகவே பார்த்துக்கொள்வதா, விட்டுவிடுவதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அது உங்களைப் பார்த்து வந்த சிரிப்பன்று. நீங்கள் ஃபோகஸைச் சரியாகத்தான் வைத்திருந்தீர்கள். நவம்பரில் சனி அப்படித்தான் இருந்தது.

சனியின் வளையங்கள் ஏறத்தாழ 2,70,000 கிலோமீட்டர் அகலம் விரிந்திருந்தாலும், பெரும்பாலான இடங்களில் அவற்றின் தடிமன் சில பத்து மீட்டர்களே. சனி சூரியனைச் சுற்றிவர எடுத்துக்கொள்ளும் ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டுகளில், இரண்டு காலங்களில் அந்த வளையத்தட்டின் விளிம்பு நேராக நம்மை நோக்கித் திரும்பும். அப்போது, தாம்பாளத்தைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்துப் பார்ப்பது போல, வட்டம் மறைந்து கோடாகிவிடும். 2009-க்குப் பிறகு அது 2025 மார்ச் 23 அன்று நேர்ந்தது. அதன்பின் சில மாதங்கள் சற்றே விரிந்த வளையம், நவம்பர் இறுதியில் மறுபடியும் அரைப் பாகைக்கும் குறைவான சாய்வுக்கு ஒடுங்கியது. நீங்கள் பார்த்த ஊசி அதுதான். வளையம் முழுதாக விரிந்த சனியை எத்தனையோ ஆண்டுகள் பார்க்கலாம். ஊசிச் சனி பதினைந்து ஆண்டுகளுக்கு ஒரு பருவம் மட்டுமே வாய்க்கும்.

இதே காட்சியால் குழம்பியவர்களில் முதல்வர் கலிலியோ. 1610-இல் அவர் கண்ட சனிக்கு இருபுறமும் இரண்டு துணைகள் இருந்தன. வளையம் என்று அறியும் அளவுக்கு அவருடைய கருவி தெளிவானதன்று. 1612 இறுதியில் பார்த்தபோது அந்தத் துணைகளைக் காணவில்லை. சனி தன் பிள்ளைகளையே விழுங்கிவிட்டானோ என்று கிரேக்க, ரோமானியக் கதையை நினைத்து நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அவர் கண்ணும் சரி, கருவியும் சரி; விளக்கம் மட்டும் டச்சு அறிஞர் ஹைகன்ஸ் வரும்வரை, அதாவது 1650-கள் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. "கண்ணாடியை மாற்றுங்கள் ஐயா" என்று கலிலியோவிடம் யாராவது சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று தெரியவில்லை. கட்டிலடியில் வைத்திருக்க மாட்டார் என்று மட்டும் நம்புகிறேன்.

அந்த மூத்த உறுப்பினரை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. புதிதாக வருகிறவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குச் சிக்கல் உண்மையிலேயே ஃபோகஸில்தான் இருக்கும். சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிய பதில் அது. ஆனாலும் அவர் செய்தது பிழைதான். வானத்தைப் பார்த்துவிட்டு வந்து ஒருவர் எதைச் சொன்னாலும், கேட்பவர் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், எந்த ஐபீஸில் (கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லை) பார்த்தீர்கள், எப்படித் தெரிந்தது. இந்த மூன்றையும் அவர் கேட்டிருந்தால், உங்கள் பதிலைக் கேட்ட மாத்திரத்தில் அவரே தம் தவற்றை உணர்ந்திருப்பார். அன்று இரவே குழு முழுவதும் மாடிக்கு ஏறியிருக்கும்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். இருபது வயதில், பங்குனி மாத இரவொன்றில், இரவல் வாங்கிய இருகண்ணோக்கியால் தெற்கே துழாவிக்கொண்டிருந்தபோது, பஞ்சுப் பொதி போல ஒளி மங்கிய உருண்டை ஒன்று கண்ணில் பட்டது. வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற பதற்றத்தில், எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கதவை நள்ளிரவு தாண்டித் தட்டினேன். தோளில் துண்டோடு வெளியே வந்த அவர் ஒன்றும் சொல்லாமல் மாடிக்கு ஏறி, நெடுநேரம் பார்த்துவிட்டு, "சுற்றியுள்ள விண்மீன்களோடு சேர்த்து இதை இப்போதே வரைந்து வை, நாளை இதே நேரத்துக்கு இடம் மாறியிருக்கிறதா பார்" என்றார். மறுநாள் அது நகரவில்லை. அதற்கடுத்த நாள்தான் வானவரைபடத்தை என் முன் விரித்து வைத்து, நானே தேடிக் கண்டுபிடிக்கும்வரை பேசாமல் இருந்தார். அது ஒமேகா சென்டாரி, பல இலட்சம் விண்மீன்கள் திரண்ட கொத்து. அவருக்கு அது முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் உறைத்தது. அன்று அவர் சிரித்திருந்தால் நான் இந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பெரிய கருவி இல்லையே என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். 1997-இல் நம் ஊர்களிலும் மாலை வானில் தெரிந்த ஹேல்-பாப் வால்நட்சத்திரத்தின் பெயரில் பாதி, சொந்தத் தொலைநோக்கியே இல்லாத ஒருவருடையது. தாமஸ் பாப் அமெரிக்காவின் அரிசோனாவில் கட்டுமானப் பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். 1995 ஜூலை 23 இரவில் நண்பர்களோடு பாலைவனத்துக்குப் போய், நண்பர் ஒருவரின் கருவியில் தம் முறை வந்தபோது கண்ணை வைத்தார். எம் 70 என்னும் விண்மீன் கொத்தின் அருகே, இருக்கக் கூடாத ஒரு மங்கல் தெரிந்தது. நண்பர்கள் வரைபடத்தைப் புரட்டினார்கள். அங்கே எதுவும் குறிக்கப்படவில்லை. அது நகர்கிறதா என்று காத்திருந்து உறுதி செய்துகொண்ட பிறகு, அவர் வீடு திரும்பித் தந்தி கொடுத்தார். அதே இரவில் நியூ மெக்சிகோவில் ஆலன் ஹேலும் அதைத் தனியே கண்டிருந்தார். கருவி நண்பருடையது, கண் இவருடையது. கருவிக்கு உரியவர் "என் தொலைநோக்கி, நான் பார்த்த பிறகு நீ பார்" என்று சொல்லும் வகையினர் அல்லர் என்பதால் நடந்தது அது.

ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நான் முதலில் நினைத்தது வேறொருவரை. இன்று வங்கதேசத்தில் இருக்கும் ஜெசோரில், அரசுக் கருவூலத்தில் சிறிய வேலையில் இருந்தவர் ராதா கோவிந்த சந்திரா. பள்ளி இறுதித் தேர்வில் மூன்று முறை தவறியவர். 1910-இல் ஹேலி வால்நட்சத்திரத்தைச் சிறிய இருகண்ணோக்கியால் பார்த்து மயங்கி, பிறகு இங்கிலாந்திலிருந்து 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்துக்கொண்டார். 1918 ஜூனில் கழுகு விண்மீன் கூட்டத்தில் திடீரென்று ஒளிர்ந்த நோவா என்னும் விண்மீனை வெறுங்கண்ணால் கண்டு, ஹார்வர்டு வானாய்வகத்துக்கு எழுதினார். பட்டம் உண்டா, பதவி என்ன என்று அங்கே யாரும் கேட்கவில்லை. 1911-இல் தொடங்கப்பட்டிருந்த, ஒளி கூடிக் குறையும் மாறொளிர் விண்மீன்களை நோக்கும் அமெரிக்க ஆர்வலர் சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் இரவு இரவாக ஒளி மதிப்பீடுகளைக் குறித்து அனுப்பத் தொடங்கினார். முகம் பார்த்திராத அந்த மனிதருக்கு, 1926-இல் அச்சங்கம் 6 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அனுப்பி வைத்தது. தம் வாழ்நாளில் அவர் அனுப்பிய மதிப்பீடுகள் 37,000-க்கும் மேல்.

அந்தத் தொலைநோக்கியின் கதை அங்கே முடியவில்லை. முதுமையில் தம்மால் இனி இயலாது என்றபோது அவர் அதை விற்கவும் இல்லை, மூலையில் போடவும் இல்லை. அது இந்திய வானியலாளர் வைணு பாப்புவின் கைக்கு வந்து, முடிவில் நம் திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூர் வானாய்வகத்துக்குச் சேர்ந்தது. எங்கோ ஓர் அமெரிக்க ஊரில் தொடங்கி, ஜெசோர் வழியாக, ஜவ்வாது மலைக்கு. குழுவில் உங்களைப் பார்த்துச் சிரித்தவர்களில் யாராவது காவலூருக்குச் சுற்றுலா போய் வந்திருந்தால், அவர்களிடம் இந்தக் கதையைக் கேட்டுப் பாருங்கள்.

இனிச் செய்ய வேண்டியவை. குழுவை விட்டு வெளியேறாதீர்கள். உங்கள் நவம்பர்ச் சனியை நினைவிலிருந்து ஒரு தாளில் வரைந்து, நாள், நேரம், ஐபீஸ் மூன்றையும் குறித்து, அந்த மூத்தவருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள். வளையத்தட்டு ஒடுங்கியிருந்த காலம் இது என்று இப்போது அறிந்தேன், நீங்களும் அந்த மாதங்களில் பார்த்தீர்களா என்று கேளுங்கள். வெற்றி முழக்கம் வேண்டாம். உண்மையான ஆர்வலர் என்றால் அவர் வெட்கப்பட்டு, உங்களோடு அரைமணி நேரம் பேசுவார். பேசாவிட்டால் அந்தக் குழுவிலேயே அவரைவிடச் சிறியவராக, நீங்கள் கேட்கத் தயங்கும் அதே கேள்விகளோடு இன்னொருவர் வாய்மூடி இருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள். கூட்டம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. என் அனுபவத்தில் இரண்டு பேர் போதும்: ஒருவர் வரைபடத்தைப் பார்க்க, ஒருவர் வானத்தைப் பார்க்க.

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் கிரகணம், வால்நட்சத்திரம் போன்ற தருணங்களில் பல மாவட்டங்களில் வான்நோக்கு நிகழ்ச்சிகளை நடத்துகிறது. உங்கள் மாவட்டக் கிளையில் விசாரியுங்கள். முன்பின் தெரியாதவர்களோடு இரவில் ஊருக்கு வெளியே போவதற்கு நீங்கள் தயங்கினால் அது கூச்சம் அன்று, முன்யோசனை. முதலில் பகலில் சந்தியுங்கள், மகளையோ தோழியையோ உடன் அழைத்துப் போங்கள்.

அதற்கு முன்பே உங்கள் மாடியில் ஒரு குழுவைத் தொடங்கிவிடலாம். வளர்பிறை சப்தமி அல்லது அட்டமி மாலையில் தொலைநோக்கியை நிலவின் மேல் திருப்பி, எதிர்வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். முழுநிலவு வேண்டாம், அன்று நிழலே இல்லாமல் அது வெள்ளைத் தட்டு போலிருக்கும். பாதி நிலவில்தான், ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களும் மலைகளும் நிமிர்ந்து நிற்கும். சான் பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ணர் வழிவந்த வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்த ஜான் டாப்சன், வேண்டாத கண்ணாடிகளைத் தேய்த்துத் தொலைநோக்கி செய்து, 1967-இல் மடத்தை விட்டு வெளியே வந்தபின் நடைபாதையில் அதை நிறுத்தி, போகிற வருகிறவர்களை எல்லாம் அழைத்து நிலவைக் காட்டினார். இன்று உலகெங்கும் ஆர்வலர்கள் வைத்திருக்கும் எளிய பெரிய தொலைநோக்கிகளுக்கு அவர் பெயர்தான். முதல் ஆள் கண்ணை வைத்து "ஐயோ!" என்று சொல்லும் அந்தக் குரலைக் கேட்டபிறகு, நீங்கள் தனியாகப் பார்ப்பதா என்று என்னிடம் கேட்க மாட்டீர்கள்.

கருவியைப் பற்றிச் சிறிது. 70 மில்லிமீட்டருக்கு 140 மடங்கு உருப்பெருக்கம்தான் எல்லை. பெட்டியின் மேல் 525 மடங்கு என்று அச்சிட்டிருந்தால் அதை மறந்துவிடுங்கள். 25 மில்லிமீட்டர் ஐபீஸில் தொடங்கி, பொருள் நடுவில் வந்தபிறகு 10-க்கு மாறுங்கள். மேலிருக்கும் சிறு குறிநோக்கியைப் பகலிலேயே தொலைவிலுள்ள கோபுரத்தின் உச்சியைக் கொண்டு நேராக்கிக்கொள்ளுங்கள். இருட்டில் அந்த வேலையைச் செய்ய முயன்றுதான் பாதிப் பேர் சலித்துப்போகிறார்கள். இருட்டுக்குப் பழகிய கண் கூசாதிருக்க, டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். தொலைநோக்கியை எடுக்க மனம் வராத நாளில், கண்ணை மட்டும் கொண்டு திருவாதிரையை ரோகிணியோடு ஒப்பிட்டு, எது எவ்வளவு ஒளிர்கிறது என்று குறித்து வையுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்கும் நேரமாகப் பாருங்கள். 2019 இறுதியிலிருந்து 2020 பிப்ரவரிவரை திருவாதிரை கண்ணுக்கே தெரியும்படி மங்கியபோது, உலகெங்கும் இருந்த ஆர்வலர்களின் இத்தகைய குறிப்புகள் ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டன.

வியாழன் மாலை வானில் பிரகாசமாக நிற்கும் மாதங்களில் அதைப் பாருங்கள். அதன் நான்கு நிலவுகளும் உங்கள் தொலைநோக்கியில் தெரியும், மறுநாள் இடம் மாறியிருக்கும். சனி 2026 அக்டோபரில் இரவு முழுவதும் தெரியும். அப்போது அந்த ஊசி எவ்வளவு விரிந்திருக்கிறது என்று எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். ஒன்று மட்டும்: கட்டிலடியிலிருந்து எடுத்தவுடன் லென்ஸில் தூசி படிந்திருப்பதைப் பார்த்துப் புடவைத் தலைப்பால் துடைத்துவிடாதீர்கள், காற்றடிக்கும் ரப்பர்ப் பந்தால் ஊதிவிட்டாலே போதும்.