"மோர்பின் தந்தால் முடிஞ்சுதெண்டுதான் அர்த்தமோ?" – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (சாவகச்சேரி வாசகர்): என் மனைவிக்கு 54 வயது. மார்புப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் கீமோவும் முடிந்து ஆறு வருடம் சுகமாக இருந்தா. இப்போது முள்ளந்தண்டிலும் இடுப்பெலும்பிலும் திரும்பியிருக்கிறது. கிளினிக்கில் மோர்பின் பாணி தந்து, 4 மணித்தியாலத்துக்கு ஒருதரம் கொடுக்கச் சொன்னார்கள். பழக்கமாகிவிடும் என்ற பயத்தில், நோ தாங்காமல் அழும்போது மட்டும் கொடுக்கிறேன். மோர்பின் தந்தால் முடிஞ்சுதெண்டுதான் அர்த்தம் என்று மச்சாள் வேறு சொல்கிறா. நான் செய்வது சரியா?

பதில்: அவவைக் காப்பாற்ற நினைத்துத்தான் மருந்தைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். ஆனால் அதனால் அவவின் நோ கூடுகிறது. இந்தப் பாணி குடித்து அரை மணித்தியாலமளவில் வேலை செய்யத் தொடங்கி, ஏறத்தாழ 4 மணித்தியாலம் நிற்கும். நோ உச்சத்துக்கு ஏறிய பிறகு கொடுத்தால் அதே அளவு போதாது. ஆகவே அழுகையைப் பார்க்காமல் மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுங்கள்: காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10. இரவு 2 மணிக்கு எழுப்பாமல் இருக்க, 10 மணிக்கு இரட்டிப்பு அளவு கொடுக்கச் சில மருத்துவர்கள் அனுமதிப்பார்கள். அதைக் கேட்டுத்தான் செய்யவேண்டும்.

மோர்பின் நோவின் அளவைப் பார்த்துத் தருகிற மருந்து, மிச்ச நாளை எண்ணித் தருவதல்ல. மாதக்கணக்கில் குடித்துக்கொண்டு வீட்டுவேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எலும்புக்குக் கதிர்வீச்சு கொடுத்து நோ குறைந்தால் மோர்பினையும் குறைப்பார்கள். கதிர்வீச்சின் பலன் தெரிய இரண்டு மூன்று கிழமை செல்லும், முதல் ஓரிரு நாள் நோ கூடவும் செய்யலாம், பயப்படாதீர்கள். 'இப்பவே கொடுத்தால் பிறகு வேலை செய்யாது' என்பதும் பிழை. தேவைப்பட்டால் அளவைக் கூட்டலாம். உடம்பு மருந்துக்குப் பழகுவது உண்மை, அதனால் திடீரென்று நிறுத்தக்கூடாது. ஆனால் அது போதைக்கு அடிமையாவதல்ல.

பிழை அதிகம் நடப்பது அளப்பதில். மருத்துவர் மில்லிகிராமில் எழுதுவார், நீங்கள் மில்லிலீற்றரில் அளக்கிறீர்கள். போத்தலில் '5 மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம்' என்று இருந்தால், 5 மில்லிகிராமுக்கு 2.5 மில்லிலீற்றர். செறிவு வேறான போத்தல் வந்தால் இந்தக் கணக்கும் மாறும், அதனால் ஒவ்வொரு புதுப் போத்தலிலும் லேபிளை வாசியுங்கள். தேக்கரண்டி வீட்டுக்கு வீடு வேறு. ஊசியில்லாத சிரிஞ்சை பாமசியில் வாங்கி, அளவுக்கோட்டில் பேனையால் அடையாளம் வையுங்கள். குளிசையாக மாற்றி, அது 12 மணித்தியாலம் நிற்கிற வகை என்றால், உடைக்கவோ அரைக்கவோ கூடாது. முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும்.

இடையில் நோ கிளம்பினால் கொடுக்க மேலதிக அளவு ஒன்றையும் எழுதித் தரும்படி கேளுங்கள். வழமையாக அது ஒரு நாளின் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்களவில் இருக்கும். 4 மணித்தியாலத்துக்கு 5 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 30, மேலதிக அளவு 5. அதை நாளுக்கு மூன்று தடவைக்கு மேல் கொடுக்க வேண்டி வந்தால் அடிப்படை அளவு போதவில்லை என்று அர்த்தம். ஒரு கொப்பியில் நேரம், 0 முதல் 10 வரை நோவின் அளவு, கொடுத்த மருந்து, என்ன செய்யும்போது நொந்தது என்று எழுதுங்கள். 'காலை 6.40, 7, கட்டிலால் எழும்பேக்க' என்ற ஒரு வரி, கிளினிக்கில் 'இரவு முழுக்க நோ' என்று சொல்வதைவிட மருத்துவருக்கு உதவும்.

முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கமும் ஓங்காளமும் வரலாம், பெரும்பாலும் தணிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் தணியாது. மோர்பின் தொடங்கிய அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும், தந்திருக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். பப்பாப்பழமும் தண்ணியும் நல்லவைதான், அவை மட்டும் போதாது. மூன்று நாள் போகாவிட்டால் கிளினிக்குக்குச் சொல்லுங்கள். பல நாள் போகாமல் இருந்து திடீரென்று தண்ணியாகக் கசிந்தால் வயிற்றோட்டம் என்று நினைத்து மருந்து கொடுக்காதீர்கள். இறுகிய மலத்தைச் சுற்றிக் கசிவதாக இருக்கலாம்.

மருத்துவரைக் கேளாமல் டைகுளோபினாக், ஐபுபுறுபன் போன்ற நோமருந்துகளை வாங்கிச் சேர்க்காதீர்கள். சிறுநீரகம் கெடலாம். சிறுநீரகம் கெட்டால் மோர்பின் உடம்பில் தேங்கும்: கை கால் துடிக்கும், இல்லாததைக் கண்டதாகப் பேசுவா. எழுப்ப எழுப்ப எழும்பாமல், மூச்சு நிமிடத்துக்கு 8க்குக் குறைந்தால் உடனே 1990 அம்புலன்ஸ்.

எலும்பில் வந்ததால் இன்னும் சில. கால் பலவீனம், விறைப்பு, சலம் போகக் கஷ்டம், இருமினால் முள்ளந்தண்டில் கூடுகிற புது நோ: இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரி. முள்ளந்தண்டு நரம்பு நசிபடும்போது சில மணித்தியாலங்கள்கூட நடையைத் தீர்மானிக்கும். ஓயாத தாகம், அடிக்கடி சலம், குழப்பம் சேர்ந்து வந்தால் இரத்தத்தில் கல்சியம் கூடியிருக்கலாம், அதற்கும் தாமதிக்கக்கூடாது. எழுப்பும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், மெலிந்த எலும்பு முறியும். முழங்காலை மடித்து, தோளும் இடுப்பும் ஒன்றாகப் பக்கவாட்டில் உருட்டி, காலைக் கட்டிலால் இறக்கிக்கொண்டே தோளுக்குக் கீழ் கைகொடுத்து எழுப்புங்கள். கிணத்தடிக் குளிப்பு வேண்டாம், பாசி வழுக்கும். உள்ளே ஒரு கைபிடிக் கதிரையும் வாளியும் போதும். குந்தும் மலகூடத்துக்குக் கொமட் கதிரை வாங்குங்கள். எலும்பைப் பலப்படுத்தும் ஊசி தொடங்குமுன் பல் பார்க்க வேண்டும், தொடங்கிய பிறகு பல் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகலாம்.

கேள்வி (சண்டிலிப்பாய் வாசகி): கணவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஈரலில் திரும்பி, மறுபடியும் கீமோ ஏறுகிறது. காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுத்துப் பார்க்கலாமா? சாப்பாடும் இறங்குதில்லை.

பதில்: கொடுத்துப் பார்க்க வேண்டாம். கீமோ ஏறி 7 முதல் 14 நாளுக்குள் வெண்குருதிக் கலங்கள் மிகவும் குறைந்திருக்கும். 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட், தொட்டால் அவசரம். கமக்கட்டில் வைத்தால் உண்மையான சூட்டைவிட அரைப் பாகையளவு குறைத்துக் காட்டும், அதையும் யோசியுங்கள். பனடோல் சூட்டை மறைக்கும், கிருமி உள்ளே வளரும். இரவு ஒரு மணியானாலும் கீமோ கொப்பியுடன் ஆஸ்பத்திரிக்குப் போய், 'கீமோ ஏறி இத்தனையாம் நாள்' என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். குளிர் நடுக்கம் வந்தால் சூடு ஏறாவிட்டாலும் போகவேண்டும்.

சாப்பாட்டை மூன்று வேளைக்குப் பதில் ஆறு தடவை, சின்னக் கோப்பையில் கொடுங்கள். மணம்தான் பலருக்கு ஒத்துவராது, ஆறிய இடியப்பமும் சொதியும் சூடான கறியைவிட இறங்கும். குரக்கன் கஞ்சிக்குள் பால்மா, ஒடியற் கூழுக்குள் மீன் கூடுதலாக. முட்டை நன்றாக அவிந்திருக்கட்டும். வாய் புண்ணாகியிருந்தால் கொதித்தாறிய ஒரு கிளாஸ் நீரில் கால் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் போட்டு, சாப்பிட்ட பிறகும் படுக்குமுன்னும் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கீமோ ஏறி 48 மணித்தியாலத்துக்கு அவரின் சலம், வாந்தியைக் கையுறை போட்டுத் துப்புரவாக்கி, மலகூடத்தில் இரண்டு தரம் தண்ணி ஊற்றுங்கள். அவர் உடுப்பைத் தனியாகத் தோயுங்கள். உண்ண மறுக்கும்போது சண்டை பிடிக்காதீர்கள். பசியில்லாமை நோயின் வேலை, அவரின் பிடிவாதமல்ல.

கேள்வி (உடுவில் வாசகர்): திரும்பி வந்ததை என் மனைவிக்குச் சொல்லவேண்டாம் என்று கனடாவிலுள்ள சகோதரங்கள் சொல்கிறார்கள். மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் சொல்கிறார்கள்.

பதில்: கிளினிக்கில் யார் யாரைப் பார்த்து என்ன பேசுகிறார்கள் என்று அவ பார்த்துக்கொண்டிருக்கிறா. சொல்லாவிட்டால் தனியாகப் பயப்படுவா. முதலில் கேளுங்கள்: "உனக்கு எவ்வளவு தெரியவேணும்?" அதற்கு மேல் சொல்ல வேண்டாம். பிறகு இவ்வளவும் போதும்: "திரும்பி வந்திருக்கெண்டு டொக்டர் சொல்லுறார். முழுக்க மாத்த ஏலாதாம், ஆனா நோவைக் குறைச்சு நல்லா வைச்சிருக்கலாமாம். நான் பக்கத்தில இருக்கிறன்." 'முழுக்க மாற்றலாம்' என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அதைச் சொல்லுங்கள். இல்லாததைச் சொல்லாதீர்கள்.

மஹரகமவில் இரண்டாவது கருத்துக் கேட்பது நல்லதுதான். ஆனால் நோவுக்கான மருந்தும் பராமரிப்பும் பக்கத்திலுள்ள தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் தொடரட்டும், மாதந்தோறும் கொழும்புப் பயணத்தை அவவின் உடம்பு தாங்காது. போனால் முதற் சத்திரசிகிச்சையின் பயொப்சி (இழையத் துண்டுப் பரிசோதனை) அறிக்கை, ஸ்கான் படங்கள், ஏறிய மருந்துகளின் பட்டியல், இரத்தப் பரிசோதனைகள் எல்லாவற்றையும் மூலப்பிரதியுடன் போட்டோக்கொப்பியும் எடுத்துச் செல்லுங்கள். மார்புப் புற்றுநோய் என்றால் திரும்பிய இடத்திலிருந்து மறுபடி பயொப்சி எடுக்கமுடியுமா என்று கேளுங்கள். ஓமோன் ஏற்பிகள் (புற்றுக் கலங்களில் ஓமோன் ஒட்டும் இடங்கள்) முதல்முறை இருந்ததுபோல இப்போது இல்லாமலிருக்கலாம், மருந்து அதைப் பொறுத்து மாறும்.