பேச்சுக்கு ஒரு மணி, கேள்விக்கு ஒரு மணி

வணக்கம்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் மேலாண்மைத் துறையில் பாடம் எடுக்கிறேன். மாணவர்களுக்கான தொழில்முனைவு மையத்தையும் நான்தான் கவனித்துக்கொள்கிறேன். அவ்வப்போது வெளியிலிருந்து பேச்சாளர்களை அழைப்போம். அடுத்த மாதம் வரப்போகிறவர் பிரபலமான தன்னம்பிக்கைப் பேச்சாளர். படிப்பைப் பாதியில் விட்டவர், இன்று பெரிய தொழிலதிபர் என்று அவருடைய அறிமுகக் குறிப்பு சொல்கிறது. மாணவர்கள் இப்போதே ஆவலாக இருக்கிறார்கள். மூத்த பேராசிரியர் ஒருவர், "இது பல்கலைக்கழகமா, பொதுக்கூட்ட மேடையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். இளைய ஆசிரியர்களோ, "பாடத்தை மட்டும் படித்து யார் தொழில் தொடங்கினார்கள்? பயத்தைப் போக்க ஒருவர் வேண்டாமா?" என்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோலத் தெரிகிறது. இப்படிப்பட்டவர்களைப் பல்கலைக்கழகம் அழைக்கலாமா, கூடாதா? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள பேராசிரியருக்கு,

அழைக்கலாம். ஆனால் அவர் பேசுவது ஒரு மணி நேரமென்றால், மாணவர்கள் அவரைக் கேள்வி கேட்கவும் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும். "நேரமின்மை காரணமாக இரண்டே இரண்டு கேள்விகள்" என்று ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொள்ளும் வழக்கமான கேள்வி நேரம் போதாது. இந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொள்ளாதவரை அழைக்கக் கூடாது. என் பதில் இவ்வளவுதான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் உங்கள் மூத்த பேராசிரியரின் கோபம். ஒரு மணி நேரப் பேச்சால் என்ன ஆகிவிடப்போகிறது என்ற எண்ணம் அதற்குள் இருந்தால், அது சரியல்ல. அமெரிக்காவின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் போர்ட்டர், டனிலா செர்ரா என்ற இரு பொருளியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பொருளியல் படித்து வேலையில் நன்றாக வந்திருந்த முன்னாள் மாணவிகள் இருவரை, சில அறிமுக வகுப்புகளுக்கு மட்டும் அழைத்துவந்து கொஞ்ச நேரம் பேசவைத்தார்கள். பேச்சைக் கேட்ட வகுப்புகளில் அடுத்த நிலைப் பொருளியல் பாடத்தை எடுத்த மாணவிகளின் விகிதம் 8 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்தவர்களே பத்தில் ஒருவர் கூட இல்லை என்பதால், ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2020-இல் வெளிவந்த ஆய்வு இது. ஆக, இருபது வயதில் கேட்கிற ஒரு பேச்சு வாழ்க்கையின் திசையை மாற்றத்தான் செய்கிறது. எனக்குக் கவலை தருவதும் அதுதான். பேச்சுக்கு வலிமை இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் வந்து பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம்.

சரி, இந்த மேடைகளில் என்னதான் சொல்கிறார்கள்? பில் கேட்ஸ் ஹார்வர்டை விட்டார், மார்க் ஸக்கர்பெர்க் ஹார்வர்டை விட்டார், ஸ்டீவ் ஜாப்ஸ் ரீட் கல்லூரியை விட்டார். மூன்றும் உண்மை. ஆனால் கேட்ஸ் படித்த பள்ளியில் 1968-லேயே கணினியோடு இணைத்த ஒரு முனையம் இருந்தது. பல பல்கலைக்கழக மாணவர்களுக்கே அப்போது கணினியைத் தொட வாய்ப்பில்லை. ஹார்வர்டை விட்டு வெளியேறியபோது அவருக்கு நிரல் எழுதுவதில் பல ஆண்டு அனுபவம் இருந்தது. ஆல்டேர் கணினிக்கான மென்பொருளை வாங்கிக்கொள்ள ஒரு நிறுவனமும் தயாராக இருந்தது. ஸக்கர்பெர்க்கின் தளமும் அவர் கல்லூரியை விடும் முன்பே பல வளாகங்களில் ஓடிக்கொண்டிருந்தது. கையில் ஓடுகிற தொழில் ஒன்று வந்த பிறகு படிப்பை விட்டவர்கள் இவர்கள் இருவரும். மேடையில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. படிப்பை விட்டார், அதனால் தொழில் வந்தது என்று கேட்பவர் காதில் விழுகிறது.

அப்புறம் வயது. அமெரிக்க நிறுவனங்களின் பதிவுகளைப் பெரிய அளவில் அலசி, 2020-இல் வெளியான இன்னொரு ஆய்வு, மிக வேகமாக வளர்ந்த ஆயிரத்தில் ஒரு பங்கு நிறுவனங்களைத் தனியே பார்த்தது. அவற்றை நிறுவியவர்களின் சராசரி வயது, தொடங்கும்போது 45. தாங்கள் இறங்கும் துறையிலேயே முன்பு வேலை பார்த்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பு கணிசமாகக் கூடியிருந்தது. "இப்போது விட்டால் எப்போது?" என்று இருபது வயதுக்காரர்களிடம் முழங்குகிறவர்களிடம் இந்த எண்ணை நீட்டினால் என்ன சொல்வார்கள் என்று கேட்க எனக்கும் ஆசைதான்.

பண்டைய ரோமின் எழுத்தாளர் சிசரோ ஒரு பழைய கதையை எழுதிவைத்திருக்கிறார். டயகோரஸ் என்ற நாத்திகரை ஒரு நண்பர் கோயிலுக்கு அழைத்துப்போய், கடவுளிடம் வேண்டிக்கொண்டு கடல் புயலில் தப்பித்தவர்கள் காணிக்கையாக வைத்த படங்களைக் காட்டினார். "இத்தனை பேர் தப்பித்திருக்கிறார்களே, இன்னுமா நம்ப மாட்டாய்?" டயகோரஸ் சொன்னாராம்: "மூழ்கிப்போனவர்களை யாரும் படம் வரையவில்லையே." இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, நம் அரங்குகளில் இன்றும் தப்பித்தவர்களின் படம் மட்டும்தான் மாட்டியிருக்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி, புதிதாகத் தொடங்குகிற நிறுவனங்களில் ஐந்தில் ஒன்று முதல் ஆண்டிலேயே மூடப்படுகிறது. ஐந்து ஆண்டு தாக்குப்பிடிப்பவை ஏறக்குறைய பாதி. இது பயமுறுத்தும் எண் அல்ல, சொல்லப்போனால் பலர் நினைப்பதைவிட நல்ல எண். மாணவனுக்கு இதைச் சொல்வதில் என்ன தயக்கம்?

இப்படிப்பட்ட கூட்டம் ஒன்றில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வருகைப்பதிவு உண்டு என்று அறிவித்திருந்ததால் அரங்கு நிறைந்திருந்தது. பேச்சாளர் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து "உன்னால் முடியும்" என்று சொல்லச் சொன்னார். விளக்குகள் அணைந்தன, கைபேசி வெளிச்சங்கள் ஆடின, மெல்லிய இசையோடு அவருடைய தாயைப் பற்றிய கதை வந்தது. என் முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் கொஞ்சம் நெகிழ்ந்துதான் போனேன். அந்த நெகிழ்வு அடங்கும் முன் திரையில் ஒரு கியூஆர் குறியீடு வந்தது. மூன்று நாள் பயிற்சி முகாம், "இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு மட்டும், இன்று இரவு வரை மட்டும்" பாதிக் கட்டணம். அடுத்த நிமிடமே கருத்துப் படிவங்கள் கைக்குக் கை போயின. மிகச் சிறப்பு என்று எல்லோரும் நிரப்பிக் கொடுத்தார்கள். அவர் என்ன பொருள் செய்கிறார், யாருக்கு விற்கிறார் என்று அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு வார்த்தை இல்லை. முகாம்தான் அவருடைய பொருள், நாங்கள்தான் வாடிக்கையாளர்கள்.

பேசுவதைத் தொழிலாக வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் பல்கலைக்கழகம் தன் மேடையைக் கொடுக்கும்போது தன் பெயரையும் சேர்த்துக் கொடுக்கிறது. "இன்ன பல்கலைக்கழகத்தில் உரையாற்றியவர்" என்பது அடுத்த அறிமுகக் குறிப்பில் ஏறிவிடும். எலிசபெத் ஹோம்ஸ் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு துளி இரத்தத்தில் நூற்றுக்கணக்கான பரிசோதனை என்று சொன்ன தெரனாஸ் நிறுவனத்தின் தலைவர். ஸ்டான்ஃபோர்டைப் பாதியில் விட்டவர் என்பதே அவருக்கு அலங்காரமாக இருந்தது. 2015-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளி தன் மதிப்புறு குழு ஒன்றில் அவருக்கு இடம் கொடுத்தது. 2022-இல் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக அவருக்குப் பதினோரு ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர் மாணவியாக இருந்தபோதே ஸ்டான்ஃபோர்டின் மருத்துவப் பேராசிரியர் ஃபிலிஸ் கார்ட்னர், அவர் கொண்டுவந்த யோசனை வேலைக்காகாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதே பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸ், தெரனாஸ் புகழின் உச்சியில் இருந்த 2015-இன் தொடக்கத்தில், இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றி ஆய்விதழ்களில் ஒன்றும் வரவில்லையே என்று மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையை இவர்கள் இருவரும்தான் செய்தார்கள். மாலை மரியாதையோடு நாற்காலி போட்டுக்கொடுக்க வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன.

இனி இளைய ஆசிரியர்களின் வாதம். பயம் போக வேண்டும் என்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். மனப்பாங்கு முக்கியம் என்பதற்கு நல்ல ஆதாரமே இருக்கிறது. ஆப்பிரிக்காவின் டோகோவில் 1,500 சிறுதொழில் செய்பவர்களை மூன்று பிரிவாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவுக்குக் கணக்கு, விற்பனை என்று வழக்கமான பயிற்சி. இன்னொன்றுக்கு, தானாக முன்வந்து செய்வது, தடை வந்தால் வேறு வழி தேடுவது என்று மனப்பாங்குப் பயிற்சி. மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. 2017-இல் வந்த முடிவின்படி மனப்பாங்குப் பயிற்சி பெற்றவர்களின் இலாபம் 30 சதவீதம் கூடியிருந்தது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களுக்குக் கூடியது உறுதியாகச் சொல்லும்படி இல்லை. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இதைக் கொண்டாடலாம். ஆனால் அது நான்கு வாரம் வகுப்பில் உட்காரவைத்து, அதன் பிறகும் பயிற்சியாளர் மாதாமாதம் அவரவர் தொழிலிடத்துக்கே போய்ப் பார்த்து வந்த பயிற்சி. இசையும் கண்ணீருமாக ஒரு மாலையில் முடிந்த விஷயமல்ல.

இதைவிட சுவாரஸ்யமானது ஹார்வர்டு வணிகப் பள்ளி மாணவர்களைப் பற்றிய ஆய்வு. அங்கே மாணவர்களைப் பிரிவுகளாகப் பிரித்துவிடுவார்கள், யார் எந்தப் பிரிவு என்பது மாணவர் கையில் இல்லை. ஏற்கனவே தொழில் தொடங்கி அனுபவப்பட்டவர்கள் அதிகம் இருந்த பிரிவில் படித்தவர்கள், படிப்பு முடிந்ததும் கூடுதலாகத் தொழில் தொடங்கியிருப்பார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? ஜாஷ் லெர்னர், உல்ரிகே மால்மெண்டியர் இருவரும் 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், குறைவாகத் தொடங்கினார்கள் என்று வந்தது. குறைந்தவை தோற்றுப்போகும் வகை முயற்சிகள், வெற்றி பெற்றவை குறையவில்லை. தொழிலில் கையைச் சுட்டுக்கொண்ட நண்பன் பக்கத்தில் இருந்தால், உங்கள் யோசனையைக் கேட்டுவிட்டு "இதற்கு யார் காசு கொடுப்பார்கள்?" என்று கேட்பான். அந்த ஒரு கேள்வியில் பல ஸ்டார்ட்அப்கள் தொடங்காமலேயே நல்லபடியாக முடிந்துவிடும். பேச்சாளரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இவரிடம் ஒரு மாணவன் தன் யோசனையைச் சொன்னால், "வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் இவருக்கு இருக்கிறதா?

அப்படி ஒருவரையும் நான் கேட்டிருக்கிறேன். அட்டைப்பெட்டி தயாரிப்பவர், பேச்சு அவ்வளவாக வராது. கரும்பலகைக்குத் திரும்பி மூன்று வரி எழுதினார். காகிதம் வாங்க: உடனே பணம். ஆட்களுக்குச் சம்பளம்: 30 நாள். வாங்கியவர் நமக்குப் பணம் தருவது: 90 நாள். "ஒரு பெரிய ஆர்டர் வந்துச்சு. கணக்குப்படி நல்ல இலாபம். மூணாவது மாசம் சம்பளம் கொடுக்கக் கையில் காசில்லை." ஒரு மாணவர் எழுந்து, இது முன்பே தெரிந்திருக்குமே, ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்றார். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆர்டர் பெரிசா இருந்துச்சு தம்பி" என்றார். அரங்கம் சிரித்தது, அவரும் சிரித்தார். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் கேள்விகள் ஓயவில்லை. பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்டால் ஆர்டர் போய்விடுமா, வங்கி எதை வைத்துக் கடன் கொடுக்கும், ஆட்களிடம் என்ன சொன்னீர்கள் என்று குடைந்து எடுத்துவிட்டார்கள்.

உங்கள் விருந்தினர் வரும்போது மாணவர்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் நான் சொல்லித்தருகிறேன். "தொடங்கிய முதல் இரண்டு வருடம் வீட்டுச் செலவை யார் பார்த்துக்கொண்டார்கள்?" அநாகரிகமான கேள்வி அல்ல. பிரிட்டனில் பிளாஞ்ச்ஃபிளவர், ஆஸ்வால்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 1998-இல் காட்டியது இது: ஒருவர் சொந்தத் தொழிலுக்கு வருவாரா என்பதை அவருடைய குணநலன்களைவிட, கைக்கு ஒரு தொகை சொத்தாகவோ அன்பளிப்பாகவோ வந்ததா என்பதே தெளிவாகச் சொன்னது. தந்தை கொடுத்தார், மனைவி சம்பாதித்தார், கடன் வாங்கினேன் என்று எந்தப் பதில் வந்தாலும் மாணவர்களுக்கு அது பாடம். கைக்கு எதுவும் வராத மாணவன் தன் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று நினைத்துக் குமைய வேண்டியதில்லை.

மற்றபடி நிர்வாக விஷயங்கள் உங்களுக்கே தெரியும். வருகைப்பதிவை எடுத்துவிடுங்கள், விருப்பப்பட்டவர் வரட்டும். வளாகத்துக்குள் எதையும் விற்கக் கூடாது, மாணவர்களின் கைபேசி எண்ணைச் சேகரிக்கக் கூடாது என்பதை அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். கட்டணம் கொடுக்கிறீர்கள் என்றால் எவ்வளவு என்பது மாணவர்களுக்குத் தெரியட்டும். கேள்வி நேரத்தை நடத்தும் பொறுப்பை அந்த மூத்த பேராசிரியரிடமே கொடுங்கள். அவர் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன், உள்ளூர அவருக்கு ஆசை இருக்கும்.

இந்த வாரமே பேச்சாளருக்கு எழுதிவிடுங்கள். நேரத்தில் சரிபாதி கேள்விகளுக்கு, கேள்விகள் முன்கூட்டியே காட்டப்படமாட்டாது என்று இரண்டு வரி போதும். ஒப்புக்கொண்டால் நல்ல கூட்டமாக அமையும், இவர்களில் சிலர் கேள்வி வந்தால் மேடையைவிட நன்றாகவே பேசுவார்கள். மறுத்தால் அதே நாளில், உங்கள் பழைய மாணவர்களில் தொழில் தொடங்கி மூடிய ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். வரத் தயங்குவார், இரண்டு மூன்று முறை கேட்க வேண்டியிருக்கும். பெரிய அரங்கு வேண்டாம், ஒரு வகுப்பறையும் கரும்பலகையும் போதும். முப்பது பேர் வந்தாலே நிறைய. என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்.