நின்ற லாரியில் மோதினால் தவறு மோதியவருடையதா?

கேள்வி: என் கணவர் கட்டட மேஸ்திரி, வயது 38. நான்கு மாதங்களுக்கு முன் இரவு வேலை முடிந்து பைக்கில் வரும்போது, சேலம் - உளுந்தூர்பேட்டை சாலையில் விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் மோதி இறந்துவிட்டார். எஃப்.ஐ.ஆரில் தவறு அவர் மேலேயே எழுதியிருக்கிறார்கள். "5 லட்சம் வாங்கித் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள்" என்று காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் ஒருவர் வருகிறார். இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் என்னோடு இருக்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, கள்ளக்குறிச்சி

பதில்: அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், சகோதரி. மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆம் பிரிவின்படி, தவறு யாருடையது என்று பார்க்காமலே இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் உண்டு. அவர் சொல்வது அந்தத் தொகையாகத்தான் இருக்கும். அதை ஒப்புக்கொண்டு வாங்கிவிட்டால், 166-ஆம் பிரிவில் முழு இழப்பீடு கேட்கும் மனு அற்றுப்போகும். சட்டமே அப்படிச் சொல்கிறது. இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முழு இழப்பீடு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாத வருமானம் 18,000 என்று வைத்துக்கொள்வோம். சுயதொழில் செய்தவர், 40 வயதுக்குக் கீழ். எனவே எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்ட வேண்டும்: 25,200. ஆண்டுக்கு 3,02,400. அவரை நம்பியிருந்தவர்கள் நான்கு பேர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழியும், மிச்சம் 2,26,800. இதை இறந்தவரின் வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; 36 முதல் 40 வயது வரை அந்த எண் 15. ஆக 34,02,000 ரூபாய். துணையையும் தந்தையையும் மகனையும் இழந்ததற்கும் ஈமச்செலவுக்கும் தருவது இதற்கு மேல். உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்த முறை இது. இந்த மனுக்களை விசாரிக்கும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் உங்கள் கணவர் மேல் பாதித் தவறு என்று வைத்தாலும், 17 லட்சத்துக்குக் குறையாது.

ஆனால் 166-இல் லாரிக்காரரின் கவனக்குறைவை நீங்கள் காட்டியாக வேண்டும். எஃப்.ஐ.ஆர். முடிந்த முடிவு அல்ல; தீர்ப்பாயம் அதற்குக் கட்டுப்பட்டதும் அல்ல. இரவில் ஓடுபாதையில் பார்க்கிங் விளக்கோ முக்கோணப் பலகையோ இல்லாமல் லாரியை நிறுத்துவது சட்டப்படியே குற்றம். அதை நிரூபிப்பதில்தான் பல குடும்பங்கள் தோற்கின்றன. மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை பெரும்பாலும் "இயந்திரக் கோளாறால் ஏற்பட்ட விபத்தல்ல" என்ற ஒரே வரியோடு நின்றுவிடும். பின்விளக்கு எரிந்ததா, சிவப்பு ஒளிரும் பட்டை இருந்ததா என்பது அதில் இராது. ஆகவே சம்பவ இடத்தில் யாராவது எடுத்த படங்களைத் தேடுங்கள். போலீஸ் சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய மகஜரையும் வரைபடத்தையும் வாங்கி, லாரி ஓடுபாதையில் நின்றதா, ஓரத்திலா என்று பாருங்கள். சுங்கச்சாவடி ரோந்து வண்டியின் பதிவேட்டையும் ஆம்புலன்ஸ் அழைப்பு நேரத்தையும் தீர்ப்பாயத்தின் மூலம் வரவழைக்கலாம். கேமரா பதிவு சில வாரங்களிலேயே அழிந்துவிடும். இருக்கிறதா என்று உடனே எழுதிக் கேளுங்கள். எஃப்.ஐ.ஆருக்கான புகாரைக் கொடுத்தது லாரி டிரைவரா என்றும் பாருங்கள். அப்படியானால், நடந்ததை எழுதிக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வருமானத்துக்கு வேலை கொடுத்த காண்ட்ராக்டரின் சாட்சியம், கூலி நோட்டு, வங்கிக் கணக்கு, கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை எல்லாம் உதவும். எதுவும் இல்லையென்றால் தீர்ப்பாயமே ஒரு தொகையை ஊகித்துக்கொள்ளும். அது பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். ஹெல்மெட் இல்லாமல் தலைக்காயத்தால் இறந்திருந்தால் ஒரு பகுதி குறைக்கப்படுவதுண்டு. மனுவே தள்ளுபடியாகிவிடும் என்று அதைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம்.

பைக் அவர் பெயரிலேயே இருந்து, லைசென்சும் நடப்பில் இருந்ததா? அப்படியானால் பைக் பாலிசியை எடுத்துப் பாருங்கள். உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய் அதில் இருக்கலாம். பிரீமியம் பட்டியலில் 'பி.ஏ.' என்று தனி வரியாக வரும். அதற்கு யார் தவறு என்ற கேள்வியே கிடையாது. லாரி வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மனுவை (எம்.சி.ஓ.பி. என்பார்கள்) விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான தீர்ப்பாயத்திலும் போடலாம். கெடு 6 மாதம். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதமே இருக்கிறது. போலீஸ் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் விபத்து அறிக்கையையே மனுவாக ஏற்கலாம் என்று சட்டம் சொன்னாலும், உங்கள் விஷயத்தில் அந்த அறிக்கை உங்கள் கணவருக்கு எதிரானது. அதை நம்பியிருக்காதீர்கள்.

கேள்வி: காய்கறி ஏற்றிப்போன என் மினி வேன் மேல் லாரி மோதி, வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். லாரிக்கு எஃப்.சி.யும் (தகுதிச் சான்று) பெர்மிட்டும் இல்லை, அதனால் தர மாட்டோம் என்கிறது காப்பீட்டு நிறுவனம்.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: பாலிசி நடப்பில் இருந்தால் உங்களை வெறுங்கையோடு அனுப்ப வழியில்லை. இப்படிப்பட்ட வழக்குகளில் "முதலில் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்" என்றே நீதிமன்றங்கள் உத்தரவிடுகின்றன. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. மருத்துவக் குழு தரும் ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு. சான்றில் 60 என்று இருந்தாலும், இனி வேன் ஓட்ட முடியாத ஓட்டுநருக்கு இழப்பு 100 சதவீதம் வரை போகலாம். தொழில் என்ன, காலில்லாமல் ஏன் அதைச் செய்ய முடியாது என்று மனுவிலேயே விவரமாக எழுதச் சொல்லுங்கள். செயற்கைக் காலை வாழ்நாளில் பலமுறை மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவுக்கும் மதிப்பீடு வாங்கி இணையுங்கள்.

கேள்வி: என் அப்பாவை இடித்துவிட்டுப் போன டிப்பர் லாரியின் எண் யாருக்கும் தெரியவில்லை. இழப்பீடே கிடைக்காதா?
- வாசகர், ஓசூர்

பதில்: கிடைக்கும். வண்டி தெரியாத விபத்தில் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள திட்டம் இது. எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, அடையாள அட்டை, வங்கிப் புத்தக நகலோடு வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்; ஆட்சியர் ஒப்புதல் தருவார். பின்னால் லாரி அகப்பட்டால் முழு இழப்பீடு கேட்கலாம். இந்தத் தொகையை மட்டும் அதில் கழித்துக்கொள்வார்கள்.

கேள்வி: இழப்பீட்டில் 25 சதவீதம் தர வேண்டும் என்கிறார் வழக்கறிஞர். சரியா?
- வாசகி, விருதுநகர்

பதில்: சரியல்ல. வரும் தொகையில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. கட்டணத்தை ஒரு தொகையாகப் பேசி எழுதி வாங்குங்கள். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும்; கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையையோ ஏ.டி.எம். அட்டையையோ யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் பேசலாம்.